விரதத்துல இருக்கற புள்ள

இல்ல தங்கச்சி, எழுப்ப முடியாது. நானே ரெண்டு தடவ எழுப்பிப் பாத்துட்டேன். நேத்து மத்தியானம் படுத்தவன், இன்னும் பொரண்டுகூடப் படுக்கல. தவமா? தவமெல்லாம் ஒண்ணும் இல்ல. தூங்குறான். வாயப் பொளந்துகிட்டு, எச்சி ஒழுகத் தூங்குறான். முதல்ல அந்தத் தட்டக் கீழ வைங்க. ஒம்போது மாடி தூக்கிட்டு ஏறி வந்திருக்கீங்க. லிஃப்ட் கெட்டு இன்னைக்கோட எட்டு நாளாச்சு. ஆளு வர்றான், தட்டிப் பாக்கறான், போயிர்றான். சுங்கை பினாங்கு ஃபிளாட்டுன்னா அவனுங்களுக்கு அவ்ளோதான். உக்காருங்க. அந்த நாற்காலி வேணாம், ஒரு காலு ஆடும். இப்படி சோபாவுல உக்காருங்க.

தே ஓ போடவா? பால் இல்ல, வெறும் தேத்தண்ணிதான். நீங்களும் விரதமா? சரி, தண்ணியாச்சும் குடிங்க. மூச்சு வாங்குது பாருங்க.

யாரு அனுப்புனா உங்கள? உறுமி அடிக்கறானே அந்தப் பையனோட அம்மாவா. அதானே பாத்தேன். அந்தம்மா வாயி ஒரு நாளும் சும்மா இருக்காது. செபராங் ஜெயாவுலேர்ந்தா வர்றீங்க? பாலத்துல ஜாமா இருந்திருக்குமே இந்நேரத்துக்கு.

ஆமா, நான்தான் ஜெயலெட்சுமி. குணாளன் என் மகன்தான். போட்டோவா? காட்டுங்க. ஆமா, அவனேதான். போன தைப்பூசத்துல எடுத்தது. ஒடம்புல நூத்தியெட்டு கொக்கி குத்திக் காவடி எடுத்தான். இந்தப் படம் ஊரு பூரா சுத்துது. எனக்கே அஞ்சு பேரு அனுப்பிட்டாங்க, என் மகன எனக்கே. கீழ என்னமோ எழுதியிருக்கே, படிங்க, என் கண்ணாடி உள்ள கெடக்கு. போதையிலேர்ந்து முருகன் மீட்ட பிள்ளையா. யாரு எழுதுனாங்களோ. நாங்க ஒருத்தருகிட்டயும் போதைன்னு சொன்னதே இல்ல. காவடிக்குக் காரணம் கேட்டவங்ககிட்டகூட வேலை கெடைக்கணும்னு வேண்டுதல்னுதான் சொன்னோம். எல்லாருக்கும் முன்னாடியே தெரிஞ்சிருக்கு. மூடி மூடி வெச்சு நாங்கதான் முட்டாளாயிருக்கோம்.

உங்க பையன் பேரு? அர்ஜுனன். வயசு? இருபதா. கம்பெனியில இருந்தானா. நிறுத்திட்டாங்களா. ம்.

சரி, புரியுது. காவடி எடுத்தா உங்க புள்ளையும் திருந்திருவான்னு வந்திருக்கீங்க. குணாளன் கையால விபூதி வாங்கிக் குடுத்து விரதத்த ஆரம்பிக்கணும். சாமி வந்த கை. என்னத்தச் சொல்ல, எல்லாம் முருகன் கிருபை தங்கச்சி. நீங்க நேரா தண்ணிமலை முருகன் கோயிலுக்கே போயி ஒரு அர்ச்சனை பண்ணிட்டு ஆரம்பிங்க. அந்த விபூதிக்கு மேலயா இவன் கையி? பழத்தையும் அங்கயே கொண்டுபோயிருங்க, வெயிலுக்குக் கெட்டுப் போகும். தைப்பூசத்துக்கு இன்னும் அம்பது நாளு இருக்கு, அவசரம் இல்ல.

என்னது? உங்க அர்ஜுனன் அவனாவே விரதத்த ஆரம்பிச்சுட்டானா?

நீங்க சொல்லாமலேயேவா. மூணு நாளா சோறு வேணாங்கறான். தண்ணி மட்டும்தான். தூங்கறதும் இல்ல. வீட்டக் கூட்டிக் கழுவி, ஜன்னல் கண்ணாடியெல்லாம் தொடச்சு. பாத்தீங்களா, எவ்ளோ மாத்தம்னு சொல்றீங்க. மோட்டர் சைக்கிளப் பிரிச்சானா? முழுசா? ஸ்குரு எல்லாம் பெருசு சின்னதுன்னு வரிசையா அடுக்கி வெச்சிருக்கான். திரும்ப மாட்டல. ம். இன்னும் மாட்டல.

இருங்க. அந்த ரூம்பு கதவச் சாத்திட்டு வர்றேன்.

இனிமே நீன்னே சொல்றேன், கோவிச்சுக்காத. உன் தலைக்கு மேல பாரு. கொக்கி மட்டும் தொங்குதுல்ல? அங்க ஃபேன் இருந்துச்சு. போன வருசம் குணாளன் கழட்டி இந்தத் தரை பூரா பரப்பி வெச்சான். ஆணி ஒரு பக்கம், ஒயரு ஒரு பக்கம். அவ்ளோ அழகா அடுக்குனான். சத்தம் போடுது, சரி பண்றேன்னான். நானும் பூரிச்சுப் போனேன். வீட்டுல ஒரு பல்பு மாத்த மாட்டான், பாரு, விரதம் எப்படி வேல செய்யுதுன்னு என்கூடத் துணி மடிக்கறவளுங்ககிட்டயெல்லாம் சொன்னேன். நான் ஹோட்டல்ல லாண்டரியில இருக்கேன். நாள் பூரா பெட்ஷீட் மடிச்சுகிட்டே இதத்தான் பேசுனேன். ஃபேனு அந்த மூட்டையில கெடக்கு இன்னும். மாட்ட வரல அவனுக்கு.

இல்ல தங்கச்சி. அது பக்தி இல்ல. அது ஷாபு, போத மருந்து. பசிக்காது, தூக்கம் வராது, கை சும்மா இருக்காது. எதையாச்சும் பிரிக்கணும், தொடைக்கணும். நான் ஆறாவதோட படிப்ப விட்டவ, எனக்கு யாரு சொல்லிக் குடுத்தா இதெல்லாம்? பாத்துப் பாத்துத் தெரிஞ்சதுதான். ரெண்டு நாளு மூணு நாளு இப்படி ஆடுவான். அப்புறம் இந்தா, உள்ள கெடக்கானே, அப்படி விழுவான். நீ தவம்னு கேட்டியே, அதான் அது.

கோவப்படாத. நானும் உன்ன மாதிரிதான் எந்திரிச்சுப் போகப் பாத்தேன். என் மக சாந்தினி சொன்னப்ப. அம்மா, தம்பி மருந்து அடிக்கறான்மான்னா. ஓங்கி ஒரு அறை விட்டேன் அவள. கல்யாணம் ஆகி ஒரு புள்ள பெத்தவள. உனக்கு அவன் மேல பொறாமைன்னேன். பேரப்புள்ள பாத்துகிட்டே நிக்குது.

அவன்கிட்ட கேட்டா? கேட்டேனே. ரெண்டு கையையும் நீட்டுவான். பாரும்மா, ஊசி குத்துன தழும்பு எங்கயாச்சும் இருக்கா, நான் என்ன போதக்காரனா, ஜங்கியா? தடவிப் பாப்பேன். ஒரு புள்ளி இருக்காது. இவனுங்க பொகையா இழுக்கறானுங்க, கையில என்ன தழும்பு இருக்கும்? எனக்கு அது தெரியல அப்ப. வழவழன்னு இருக்கும் கையி, சின்ன வயசுல இருந்த மாதிரியே. அதப் புடிச்சுகிட்டு மன்னிச்சுக்கய்யான்னு அழுதிருக்கேன்.

சாந்தினி விடல. பார்மசியில மூத்திரம் டெஸ்ட் பண்ற சாமான் விக்கறாங்கன்னு வாங்கிட்டு வந்தா. இந்தா கப்பு, போயிட்டு வாடான்னா. போனான், வந்தான், குடுத்தான். கப்புலேர்ந்து ஆவி வருது தங்கச்சி. தே ஓ! அடுப்புல நான் போட்டு வெச்சிருந்த தே ஓவ ஊத்திக் குடுத்திருக்கான். என்னடா இது கொதிக்குதுன்னா, எனக்குச் சூட்டு உடம்புக்காங்கறான். மொகத்துல ஒரு மாத்தம் இல்ல. சாந்தினி சிரிக்க ஆரம்பிச்சா, நானும் சிரிச்சேன், அவனும் சிரிச்சான். மூணு பேரும் இந்த சோபாவுலதான். அப்புறம் பாத்தா அவ அழுதுகிட்டு இருக்கா. அன்னைக்கித்தான் எனக்கு உறைச்சுச்சு. சும்மா இருக்கறவன் எதுக்குத் தே ஓவ ஊத்தணும்?

அதுக்கப்புறமும் நான் என்ன பண்ணேன் தெரியுமா? எங்கண்ணன்கிட்ட போனேன். அவருதான் எங்க காவடி குரூப்புக்குத் தலைவரு, இருபது வருசமா கூட்டிட்டுப் போறாரு. அவரு சொன்னாரு, ஆஸ்பத்திரி கீஸ்பத்திரின்னு போனா பேரு பதிவாயிரும், நாளைக்கு எவனும் பொண்ணு தர மாட்டான். முருகன்கிட்ட போட்டுரு. நாப்பத்தெட்டு நாளு சுத்தமா இருந்தா ஒடம்புல உள்ள நஞ்சு பூரா எறங்கிரும். எனக்கும் அதான் வேணும். புள்ளைக்கு ஆஸ்பத்திரின்னா நாலு பேருகிட்ட சொல்ல முடியாது. காவடின்னா பத்திரிகையே அடிக்கலாம்.

அவனும் சரின்னுட்டான். உடனே. அது எனக்கு ஆச்சரியமா இல்ல பாரு. டாக்டருன்னா கத்துறவன், காவடின்னதும் தலைய ஆட்டுறான். டாக்டருகிட்ட போனா எனக்குப் பழக்கம் இருக்குன்னு ஒத்துக்கணும். காவடிக்கு எதையும் ஒத்துக்க வேணாம்.

விரதத்துல இருந்தான் தங்கச்சி. நாப்பத்தெட்டு நாளு. தனிப் பாயி, தனித் தட்டு, மஞ்ச வேட்டி. ஒரு வேள சோறு போட்டா அதுலயும் பாதிய வெச்சிருவான். எலும்பு தெரிய எளச்சான். சொந்தக்காரவங்க வந்து பாத்துட்டு, என்னா கடுமையா இருக்கான் புள்ளன்னு கைய எடுத்துக் கும்புட்டாங்க. நானும் கும்புட்டேன். வேற எந்தச் சாதிசனமா இருந்தாலும், புள்ள பத்து நாளா திங்காம தூங்காம கெடந்தா தூக்கிட்டு ஓடியிருப்பாங்க. நான் அவன் பாயச் சுத்தி மஞ்சத் தண்ணி தெளிச்சுகிட்டு இருந்தேன்.

இதக் கேளு. சாந்தினி எனக்குத் தெரியாம ஆஸ்பத்திரியில டாக்டருகிட்ட தேதி வாங்கிட்டா. அவ புருசன் லீவு போட்டு காரோட கீழ வந்து நிக்கறான். குணாளன் அன்னைக்கு ஏதோ எளகி இருந்தான். சும்மா பாத்துட்டு வர்றேன், அக்கா மனசு ஆறட்டுமேன்னு வேட்டிய அவுத்துட்டு சிலுவாரு, சட்டைகூட மாட்டிட்டான். நான் வாசல்ல குறுக்க நின்னேன். விரதம் ஆரம்பிச்சு பத்தொம்பதாவது நாளு. ஆஸ்பத்திரியில பொணம் போகும் வரும். அந்தத் தீட்டு பட்டா விரதம் என்னாகுறது? மறுபடியும் முதல்லேர்ந்து எண்ணணும், தைப்பூசத்துக்கு நாளு பத்தாது. அப்படித்தான் சொன்னேன். அவன் என்னப் பாத்தான், சாந்தினியப் பாத்தான், சிலுவாரக் கழட்டிட்டுப் போயி பாயில உக்காந்துட்டான். சாந்தினி அன்னையோட இந்தப் படி ஏறல. போன் பண்ணுவா, சாப்டியான்னு கேப்பா, வெச்சிருவா.

நல்லதுக்குத்தான் பண்ணேன்னு சொல்றியா. ஆமா, நல்லதுக்குத்தான். நீ கொண்டு வந்த தட்டும் நல்லதுக்குத்தான்.

தைப்பூசத்தன்னைக்கு நீ இருந்தியா? ஜாலான் உத்தாமாவுலயா, எந்தத் தண்ணீர் பந்தல்கிட்ட? அப்ப பாத்திருப்ப. கூட்டம் வெலகி வழி விட்டுச்சுல்ல அவனுக்கு. முதுகுல கொக்கி, நெஞ்சுல கொக்கி, ஒரு சொட்டு ரத்தம் இல்ல. ஆடுனான் பாரு. உறுமி அடிக்கறவனுங்களே களச்சுப் போயி ஆள மாத்துனானுங்க. கண்ணு சிமிட்டல. புள்ளத்தாச்சி ஒருத்தி ரோட்டுலயே விழுந்து கும்புட்டா. ஒரு பெரியவரு, எங்கப்பா வயசு இருக்கும், இவன் கால மஞ்சத் தண்ணியில கழுவி அதத் தலையில தெளிச்சுகிட்டாரு. எனக்கு அங்கயே பூமிக்குள்ள போயிரலாம்னு இருந்துச்சு. நான் அழுததப் பாத்து எல்லாரும் அது பூரிப்புன்னு நெனச்சாங்க. பெத்த வயிறு குளுந்துருச்சுல்லன்னு ஒருத்தி என் வயித்தத் தொட்டுக் கும்புடுறா.

நான் பின்னாடியே போனேன், பால் செம்பத் தூக்கிகிட்டு. மலைப் படி ஏறப்ப ஒரு எடத்துல நின்னான். மேளமும் நின்னுருச்சு. அவன் அசையல. ஆனா நெஞ்சுல தொங்குற கொக்கி எல்லாம் ஆடுது. கிடுகிடுன்னு, தன்னால. அருள் இன்னும் ஒடம்ப விட்டுப் போகலன்னு எங்கண்ணன் கத்தறாரு, வேல் வேல்னு எல்லாரும் கத்துறாங்க. அது அருள் இல்ல தங்கச்சி. நெஞ்சு அடிக்குது. அவ்ளோ வேகத்துல நெஞ்சு அடிக்குது, அந்த அடியில கொக்கி ஆடுது. இங்கயே விழுந்து செத்துருவான்னு நெனச்சேன். முருகா, இவன என் கையில உசுரோட திருப்பிக் குடுத்துருன்னுதான் வேண்டுனேன். குடுத்துட்டான். இந்தா, உள்ள கெடக்கான்.

அதுக்கப்புறம் எங்க கேக்கறான்? முன்னயெல்லாம் கையக் காட்டுவான். இப்ப முதுகக் காட்டுறான். நூத்தியெட்டு கொக்கி தாங்குனவன் நான், ஜங்கி தாங்குவானா, முருகனே ஏத்துகிட்டான், உனக்கு என்னம்மாங்கறான்.  வெள்ளிக்கிழம ஆனா உன்ன மாதிரி ரெண்டு பேரு தட்டு தூக்கிட்டு வந்துர்றீங்க. அவனும் குளிச்சுட்டு வந்து உக்காந்துக்கறான். தோதா முழிச்சிருந்தா விபூதி குடுப்பான், வாக்கு சொல்லுவான். இல்லன்னா நான், சாமி தியானத்துல இருக்குன்னு சொல்லி அனுப்புவேன். ஆமா, நான்தான் சொல்லுவேன். இன்னைக்கு என்னமோ வாயில வரல. அந்த மோட்டரு, ஸ்குரு வரிசையின்னியா, அதுக்கு மேல முடியல என்னால.

போன வாரம் சாந்தினி திரும்பவும் ஒரு தேதி வாங்கியிருக்கா. வர்ற செவ்வாக்கெழம. அம்மா, இந்தத் தடவையாச்சும் வாசல்ல நிக்காதன்னா. நான் நிக்க மாட்டேன். ஆனா அவன் போக மாட்டான். நீங்கள்ளாம் வந்து கால்ல விழுற வரைக்கும் போக மாட்டான். எந்த ஊருலயாச்சும் சாமி போயி ஆஸ்பத்திரியில நம்பர் எடுத்துட்டு உக்காருமா?

அதனாலதான் சொல்றேன். நீ கீழ எறங்கிப் போயி அந்த உறுமிக்காரன் அம்மாகிட்ட சொல்லு. எல்லாருகிட்டயும் சொல்லு. அது சாமி இல்லன்னு ஜெயலெட்சுமியே சொன்னான்னு என் பேரப் போட்டே சொல்லு. எங்கண்ணன் வந்து குதிப்பாரு, குதிக்கட்டும். உன் புள்ளைக்குப் பாயத் தனியாப் போடாத. மஞ்சத் துணி வாங்காத. நாளைக்கே கூட்டிட்டுப் போ. வர மாட்டேன்னா கெஞ்சு, திட்டு, அவன் மாமன் சித்தப்பன கூப்புடு. பேரு பதிவானா ஆகட்டும்.

என்ன கேக்குற? விரதத்துல விட்டிருப்பான், பொறவு திரும்பத் தொட்டிருப்பான்னா? காவடி அன்னைக்கு ஒரு நாளாச்சும் சுத்தமா இருந்திருப்பான்லன்னு கேக்குற. அதாச்சும் நெசமா இருக்கணும் உனக்கு. இத்தன தூரம் வந்திருக்க, பாவம்.

சுத்தமாத்தான் இருந்தான் தங்கச்சி. நாலு நாளு. அதுக்கு முன்ன அவன் சிலுவாரத் தொவைக்க எடுத்தப்ப பாக்கெட்டுல ஒரு சின்ன பிளாஸ்டிக் பை. எடுத்து என் சேலைக்கு அடியில செருகி வெச்சுட்டேன். குப்பையில போட பயம், கீழ எவனாச்சும் பாத்தா போலீசு வரும்னு. அவன் வீடு பூரா தேடுனான். ஆனா எங்கன்னு வாயத் தொறந்து கேக்கல, கேட்டா ஒத்துகிட்ட மாதிரி ஆயிரும்ல. நானும் குடுக்கல. தைப்பூசத்தன்னைக்கு விடிஞ்சு குளிக்க எழுப்புனா, எந்திரிக்க முடியல. ஒடம்பு பூரா நடுங்குது. என் கையப் புடிச்சுகிட்டு, அம்மா எனக்கு அது இல்லாம முடியலம்மா, என்ன அக்கா சொன்ன எடத்துக்கே கூட்டிட்டுப் போம்மாங்கறான். மொத தடவையா அவன் வாயால சொன்னான். அதுக்கப்புறம் இது வரைக்கும் சொல்லல.

கீழ உறுமி அடிக்க ஆரம்பிச்சுட்டாங்க. அறுவது பேரு மஞ்சத் துணியில நிக்கறாங்க, எங்கண்ணன் ரெண்டு தடவ போன் பண்ணிட்டாரு. நான் குளிச்ச ஈரத் தலையோடயே அலமாரியத் தொறந்து, சேலைக்கு அடியிலேர்ந்து அத எடுத்து, அவன் கையில வெச்சேன். சீக்கிரம் வாய்யா, எல்லாரும் நிக்கறாங்கன்னேன்.